மஞ்சள் இல்லாத சந்தை

மார்கழி 1

விடுதி அறைச் சாவி கிடைத்தது. இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்.

வேலை இதுதான். மதுரை இலைச்சந்தை வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு படம். எட்டடிக்கு நான்கடி. மார்கழிக் காலைச் சந்தை, கூட்டத்தோடு. சங்கத்தின் புது மண்டபத்தில் மாட்டுவார்கள். 27ஆம் தேதி திறப்பு. எனக்கு முதல் பெரிய படம்.

சங்கத் தலைவர் தனுக்கோடி, தேங்காய் மண்டிக்காரர். என் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இளவேனிலா? நாம வரையச் சொன்னது மார்கழியில்ல?"

சங்க அறையில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்கழி 2

மாதங்களின் பெயரில் வீதி வைத்த ஊர். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. கோயிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்று. அந்த வரிசையில் மார்கழிக்கு வீதி கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு இந்தச் சந்தைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

காலை ஐந்தரை. இருபது டிகிரி இருக்கும். ஊரே குரங்குக் குல்லாயில். மூட்டை இறக்குபவருக்கு வேர்க்கிறது, குல்லாயைக் கழற்றவில்லை. கேட்டேன்.

"கழட்டிட்டா அப்புறம் எப்பிடித் தாயி மார்கழின்னு தெரியும்?"

மார்கழி 3

முடிவு செய்துவிட்டேன். படத்தில் மஞ்சள் கிடையாது.

சாம்பல், இலைப் பச்சை, செங்கல், சுண்ணாம்பு வெள்ளை. நான்கு போதும். சந்தை என்றதும் எல்லாரும் மஞ்சளைக் கொட்டுகிறார்கள். சாமந்தி, எலுமிச்சை, வாழைப்பழம், வெயில். அது காலண்டர். பனிக்குள் நிறங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தைத்தான் வரைய வேண்டும்.

மஞ்சள் வண்ணக் குழாய் வாங்கவே இல்லை. இருந்தால் கை அதன் பக்கம் போகும்.

மார்கழி 5

இடம் கிடைத்தது. சங்கக் கட்டடத்தின் மாடி வராந்தா. படச்சட்டத்தைச் சுவரோடு சாய்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். கீழே சந்தை முழுவதும் தெரிகிறது. மாடிப்படிக்குக் கதவு இல்லை. ஆகவே ரகசியமும் இல்லை.

இன்று மேலே ஏறி வந்த கோரிக்கைகள்:

தன் மீசையைச் சற்றுப் பெரிதாக வரைய வேண்டும் (கறிவேப்பிலை).

கடைப் பலகை வருகிறது அல்லவா, அதில் கைப்பேசி எண்ணையும் எழுதிவிட வேண்டும் (புதினா, மல்லி).

எதிர்க்கடைக்காரன் படத்தில் இருந்தால் தான் இருக்க முடியாது (அதே புதினா, மல்லி).

ஒரு பசு. அது ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் நின்றது. நடுவில் வரைந்துவிட்டேன்.

மார்கழி 7

வராந்தாவுக்கு நேர் எதிரே ரத்தினவேல் இலைக்கடை. மேலே வீடு. பக்கத்தில் மாடிக்குப் போகும் வாசல். அந்த வாசலில் தினமும் ஒரு கோலம். சந்தைக் கால்கள் எழும் முன்பு போட்டு முடித்திருப்பார்கள். ஆறரைக்குள் பாதி அழிந்திருக்கும். அழியாத கோலத்தை மட்டும் முதலில் வரைந்தேன். படத்தின் இடது மூலை, கீழே.

கோலம் போடுபவர் சௌந்தரம். ரத்தினவேலின் தங்கை. நாற்பத்தொரு வயது. கடைப் பலகையில் அண்ணன் பெயர். கடையில் கேட்கும் குரல் தங்கையுடையது. அண்ணன் செய்தித்தாள் படிப்பார். யார் எது கேட்டாலும், "சௌந்தரம்!" என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது.

இன்று சௌந்தரக்கா மேலே வந்தார். கையில் இலை நறுக்கும் கத்தி. படத்தைப் பார்த்தார்.

"எங்க வாசல் வந்துருச்சு. ஆளக் காணோமே?"

"ஆள் பிறகு வருவாங்கக்கா."

"கோலத்தப் போட்டுட்டு உள்ள போயிருப்பா. அப்பிடித்தான?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

"வெளிய வரச் சொல்லு," என்றார். இறங்கிப் போய்விட்டார்.

மார்கழி 8

பூண்டு மண்டி திரவியம் என்றொருவர். தினமும் ஆறு மணிக்கு வருகிறார். ஒரு கட்டு வாழையிலை வாங்குகிறார். போகிறார். மனைவி இறந்து ஆறு வருடமாம். பிள்ளை இல்லை. தனி ஆள்.

தனி ஆளுக்கு ஒரு கட்டு இலை.

மதுரைக்காரர்கள் சாப்பாட்டை மதிக்கிறவர்கள்.

மார்கழி 9

அம்மா பேசினாள். குரோம்பேட்டையில் கொசு. தை பிறந்ததும் யாரோ பார்க்க வருகிறார்களாம். "படம் முடியட்டும்" என்றேன். "முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்லுவியா?" என்றாள். பனியை வரைவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பனியை வரைவது எப்படி. வரையாமல் விடுவதுதான்.

மார்கழி 11

வெள்ளிக்கிழமை. நிலைப்படிக்கு மஞ்சள் பூசிய கை காயும் முன்பே சௌந்தரக்கா மேலே வந்துவிட்டார். கோலத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். படத்தை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கக் கூடாது, தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன்.

"டீ குடிக்கப் போகலியா?" என்று கேட்டார்.

"போகணும்."

"போ. நான் பாத்துக்கிறேன். யாரும் தொட மாட்டாக."

டீ நன்றாக இருந்தது. இஞ்சி.

மார்கழி 12

படத்தில், கோலத்தின் நடுவில் மஞ்சள்.

இன்று காலை வெளிச்சத்தில்தான் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவு. பூக்கூடை தூக்குபவர் யாராவது உரசியிருக்க வேண்டும். ஐந்து இதழ் போல இருக்கிறது. தற்செயல் சில சமயம் ஐந்து இதழோடு வரும்.

துணியை எடுத்தேன். கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று மூன்று அடி பின்னால் போனேன்.

ஒரு வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்த இடது பக்கம் விழித்திருந்தது. படம் முழுவதும் அந்த ஒரு புள்ளியைச் சுற்றி நடமாடத் தொடங்கியிருந்தது. எரிச்சல். நான்கு நிறக் கொள்கை போயிற்று. துணியைத் திரும்ப வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"பூவெல்லாம் வச்சுட்டியேம்மா."

நான் மறுக்கவில்லை.

"யோசிச்சுத்தான் வச்சியா?"

"யோசிச்சுத்தான்."

"தைரியந்தான்," என்றார். கீழே போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஒரு தேங்காய் வியாபாரி என் படத்தில் துணிச்சலைக் கண்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு யாரும் காணாதது.

மார்கழி 13

கூட்டம். காலை முழுவதும் ஆட்கள் மாடி ஏறி வந்தார்கள். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் தோளை இன்னொருவர் இடித்தார்கள். எல்லாரும் அந்த மஞ்சளைத்தான் பார்க்கிறார்கள். கறிவேப்பிலைக்காரர் தன் மீசையைப் பற்றிக் கேட்கக்கூட மறந்துவிட்டார்.

நவீன ஓவியம் மக்களுக்குப் புரியாது என்று சொன்ன பேராசிரியரை நினைத்துக்கொண்டேன். பாவம்.

பத்து மணிக்குத் திரவியம் வந்தார். செருப்பைப் படியடியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். வெகுநேரம் நின்றார்.

"இது அந்த இலைக்கடை வீட்டு வாசல்தானம்மா?"

"ஆமா."

"பூவு?"

"அதுவும் அந்த வாசல்லதான்."

தலையை ஆட்டினார். தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை தலையை ஆட்டினார். செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு சந்தைக்குள் நடந்து போனார். கலைக்கு இப்படி ஒரு சக்தி உண்டு என்று படித்திருக்கிறேன். நேரில் பார்ப்பது முதல் முறை.

மார்கழி 15

திரவியம் புதுச் சட்டை. இன்று இரண்டு கட்டு இலை வாங்கினார்.

மார்கழி 17

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்கு ரத்தினவேல் மேலே வந்தார். பின்னாலேயே தலைவர். அண்ணனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

"ஏம்மா, எங்க வீட்டு வாசல்ல எதுக்கு நீ பூசணிப்பூ வச்ச?"

"பூசணிப்பூவா? அது சும்மா ஒரு மஞ்சள்ண்ணே. சமநிலைக்கு."

"எந்த நிலைக்கும் வேணாம். சந்தையே சிரிக்குது. என் மக ஆறாப்பு படிக்கிறா. பொண்டாட்டி இருக்கா. அப்ப பூவு யாருக்கு? சொல்லு. நாப்பது வயசு தாண்டுன பொம்பளைய இப்பிடியா கேலி பண்ணுவ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். தலைவர் என்னைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார்.

"மார்கழிக் கோலத்துல பூசணிப்பூ வச்சா என்ன அர்த்தம்னு தெரியாதா உனக்கு?"

"அழகுக்கு."

"அழகுக்கா!" கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "இந்த வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு அர்த்தம்மா. மார்கழியில கல்யாணப் பேச்சு பேசக் கூடாதுல்ல? வாயால பேசாம பூவ வச்சுச் சொல்றது. பாக்குறவுக பாத்து வச்சுக்கிருவாக. தை பொறந்ததும் வருவாக. யோசிச்சுத்தான் வச்சேன்னு சொன்னியே!"

குறிகளும் குறியீடுகளும் என்று ஒரு பாடம். முதுகலையில் இரண்டு ஆண்டு. முதல் வகுப்பு.

ரத்தினவேல் கொஞ்சம் தணிந்தார். "அவளுக்குப் பாக்காம இல்லம்மா. பதினாறு வருசத்துக்கு முன்னாடி நல்ல எடம் வந்துச்சு. அவதான் வேணாம்ட்டா. நாங்களும் விட்டுட்டோம். முடிஞ்சுபோன சங்கதி. இதப் போயி கெளறி விட்டுட்டியே."

முடிவு: பூவை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் 27ஆம் தேதி படம் சுவரில் ஏறாது. சபையில் நான் சௌந்தரக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சரி என்றேன். நான் வைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசிச்சுத்தான் வைத்தேன் என்று ஒரு தடவை சொல்லியாயிற்று. வீம்பு, வேறொன்றும் இல்லை.

மார்கழி 18

அம்மாவிடம் கேட்டேன். பூசணிப்பூ விஷயம் உனக்குத் தெரியுமா?

"தெரியுமே."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"நம்ம ஃபிளாட்டு வாசல்ல ஸ்டிக்கர் கோலம். அதுல எங்க போயி நான் பூ வைக்க?"

மார்கழி 19

ஈரத்துணியோடு கோலத்தின் முன்னால் உட்கார்ந்தேன். கீழே கடையில் சௌந்தரக்கா இலை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. துணியைத் தூக்கினேன். கத்திச் சத்தம் நின்றது.

எட்டிப் பார்த்தேன். அவர் மேலே பார்க்கவில்லை. இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி அந்தரத்தில் இருந்தது.

துணி இல்லாமல் விரலால் தொட்டுப் பார்த்தேன். நுனியில் ஒட்டியது. முகர்ந்தேன்.

வண்ணம் இல்லை. மஞ்சள். அரைத்த மஞ்சள்.

வெள்ளிக்கிழமை. டீ. இஞ்சி.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். வண்ணச் சமநிலை கருதி இப்போதைக்கு அழிக்கவில்லை. இதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை.

கத்திச் சத்தம் திரும்பவும் தொடங்கியது.

மார்கழி 20

சௌந்தரக்கா மேலே வந்தார். படத்தின் பக்கம் திரும்பவில்லை. சந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழிச்சுட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"அது இல்லைன்னா இடது பக்கம் தூங்கிடும்."

யோசித்தார்.

"ஆமா. தூங்கிரும்ல," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து: "பூசணிப்பூவ வச்சு என்னத்தப் பண்ணுவீக உங்க ஊருல?"

"பஜ்ஜி போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். அப்புறமும் கொஞ்சம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்கழி 22

பொங்கல் வியாபாரம் தொடங்கிவிட்டது. கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, காப்புக் கட்டும் கூரைப்பூ. நான் வரையாத நிறமெல்லாம் லாரியில் வந்து இறங்குகிறது. மல்லிக்காரருக்கும் எதிர்க்கடைக்காரருக்கும் இடையில் ஒரு கரும்புக் கட்டை வரைந்துவிட்டேன். இருவருக்கும் திருப்தி. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

திரவியம் ஐந்து நாளாக வரவில்லை. எவளோ படக்காரி விளையாட்டுக்குச் செய்ததை நம்பிப் புதுச் சட்டை போட்டவர் என்று சந்தை அவரைக் கேலி செய்கிறதாம். கறிவேப்பிலைக்காரர் சொன்னார்.

சௌந்தரக்கா தினமும் காலையில் ஒரு கட்டு இலையை எடுத்துத் தனியே வைக்கிறார். நுனி இலையாகப் பார்த்து. ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கிறார். யாராவது கேட்டால், "அது சொல்லி வச்ச கட்டு" என்கிறார். சாயங்காலம் அது பசுவுக்குப் போகிறது.

பசு இந்த வாரம் பளபளப்பாக இருக்கிறது.

மார்கழி 24

பூண்டு மண்டிக்குப் போனேன். வேறு வேலையாகத்தான். போகிற வழியில் இருக்கிறது. அதாவது, சுற்றிக்கொண்டு போனால் வழியில் இருக்கிறது.

திரவியம் பழைய சட்டையில் பூண்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவமானப்பட்டவர் மரியாதை காட்டும்போது பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

"27 திறப்பு. வாங்கண்ணே," என்றேன்.

"நான் எதுக்கும்மா? சிரிக்கிறதுக்கு ஆளு கொறையுதா?"

"இங்க மஞ்சள் எங்கண்ணே கிடைக்கும்?"

"எதுக்கு?"

"என்கிட்ட இல்ல. வண்ணம் வாங்கும்போதே மஞ்சள் வாங்கல. படம் பூரா மஞ்சள் இல்லாமத்தான் வரைஞ்சேன். யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. ஒரு சொட்டு கிடையாது."

ஒரு பூண்டைக் கிள்ளினார். இன்னொன்றை எடுத்தார். கிள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு சொட்டுமா?"

"ஒரு சொட்டும்."

"அப்ப அது..."

"எனக்கு நேரமாச்சுண்ணே."

நிறங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசினோம். அவ்வளவுதான்.

மார்கழி 26

படம் முடிந்தது. வாசலில் ஒருவரை நிற்க வைத்தேன். பாதி உள்ளே, பாதி வெளியே. முகம் தெரியாது. பனி.

பூ அப்படியே இருக்கிறது. நாளை படம் சுவரில் ஏறாமல் போகலாம். ஏறாவிட்டால் அம்மா சொல்கிறபடி பார்க்க வருகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களும் பார்க்கட்டும்.

தூக்கம் வரவில்லை. குளிர். இருபது டிகிரி.

மார்கழி 27

காலை பதினோரு மணி. புது மண்டபம். நூறு பேர் இருப்பார்கள். முதல் வரிசையில் ரத்தினவேல், அவர் மனைவி, மகள், ஓரத்தில் சௌந்தரக்கா. கேசரி வாசம். படம் சுவரில், நான் போர்த்திக் கொடுத்த திரைத்துணியோடு; யாரும் விலக்கிப் பார்த்திருக்கவில்லை. தலைவர் திரைத்துணியை இழுத்தார். ஒரு பக்கம் ஆணியில் சிக்கிக்கொண்டது. கிழித்தார்.

எல்லாரும் முதலில் தங்களைத் தேடினார்கள். "ஏய், என் மீசைடா!" "அங்கிட்டு நிக்கிறது நம்ம முருகம்மா மாதிரி இல்ல?" "இந்த மாட்டுக்கு வந்த வாழ்வப் பாத்தியா!" அப்புறம் ஒவ்வொருவராக இடது மூலைக்கு வந்தார்கள்.

ரத்தினவேல் எழுந்தார்.

"அழிக்கச் சொன்னேன்ல?"

"சொன்னீங்கண்ணே."

"அப்ப வேணும்னேதான் வச்சிருக்க."

"ஆமாண்ணே. நான்தான் வெச்சேன். தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. ஆனா அழிக்க மாட்டேன்."

இதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். படத்தைக் கழற்றுங்கடா என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் ஏணியை எடுக்கப் போனார்கள்.

"ஏணிய வைங்க கீழ," என்றார் சௌந்தரக்கா.

கடையில் கூட்டத்தை ஒழுங்கு செய்கிற அதே குரல். ஏணி கீழே வந்தது.

"பூசணிப்பூன்னா பஜ்ஜின்னு நெனைக்கிற பிள்ள. அதுக்கு என்ன தெரியும்? நான் வச்சேன்."

ரத்தினவேலின் மகள் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா?" ரத்தினவேல் திரும்பினார். "நீ எதுக்கு..."

"எதுக்கு வைப்பாக?"

"இல்ல சௌந்தரம். நீதான அப்ப வேணாம்ன?"

"இப்ப வேணாம்னேன்."

"அதத்தான் நானும்..."

"அது இல்லண்ணே. நல்லாக் கேளு. அப்பா போயி நாப்பது நாளாகல. கடையில ஆளு இல்ல. நீ திருப்பூர்ல இருந்த. 'இப்ப வேணாம்'னு சொன்னேன். நீங்க எல்லாரும் 'வேணாம்'ங்கிறத மட்டும் எடுத்துக்கிட்டீக. 'இப்ப'வ எங்க விட்டீகன்னு தெரியல. பதினாறு வருசம். திரும்ப ஒரு தடவ யாரும் கேக்கல."

ரத்தினவேலின் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நானாச்சும் கேட்டிருக்கணும் மதினி."

"எங்க வாசக் கோலத்துல வைக்க எனக்கு மனசு வரல," என்றார் சௌந்தரக்கா. இப்போது குரல் சற்று இறங்கியிருந்தது. "காலையில அண்ணன் மிதிச்சுட்டுப் போகும். பாக்காது. படத்துல வச்சா நின்னு பாப்பாகல்ல?"

ரத்தினவேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்றார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். புதுச் சட்டை. கையில் எதற்கோ ஒரு பை. நூறு தலைகள் திரும்பின.

"இப்ப?" என்று கேட்டார் திரவியம்.

ஒரே வார்த்தை. அதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

சௌந்தரக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"இப்ப மார்கழி. இதெல்லாம் பேசப்படாது. தை ஒண்ணு, பொங்கல் எறக்குன பொறவு வீட்டுக்கு வாங்க. அண்ணன்கிட்ட கேளுங்க." திரும்பி அண்ணனைப் பார்த்தார். "கேட்டுட்டு என்கிட்டயும் கேளுங்க."

யாரோ விசில் அடித்தார்கள். "பூண்டுக்குப் பூ வந்துருச்சுடா!" என்று கறிவேப்பிலைக்காரர் கத்தினார். தலைவர் மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் படச்சட்டத்தின் மூலையில் மாட்டினார். கேசரி வந்தது.

எனக்கு இரண்டு தொன்னை கேசரி கொடுத்தார்கள். முந்திரியே இல்லை. இருந்தும் சாப்பிட்டேன்.

மார்கழி 28

வேலை இல்லை. தூங்கினேன். எழுந்து தூங்கினேன்.

தை 1

ரயில் நாளைக்குத்தான். ரத்தினவேல் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்குத் திரவியம் வந்தார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பூ. கூட அவர் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். மாடிப்படி ஏறும்போதே, "மச்சான் இருக்காரா?" என்று குரல் கொடுத்தார். ரத்தினவேலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபது வருடமாக அந்தக் குரல் அவரை 'ரத்தினம்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறது.

அண்ணனிடம் கேட்டார். அண்ணன் வழக்கம்போல, "சௌந்தரம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பிறகுதான் உறைத்தது. திருத்திக்கொண்டார். எழுந்து அடுப்படி வாசல் வரை போனார். மெல்லிய குரலில், ஒவ்வொரு சொல்லாக, தங்கையைக் கேட்டார். உள்ளே அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் திரும்பி வந்த முகத்தில் கேட்டது.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது ரத்தினவேல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது மஞ்சப்பொடிதானம்மா? வெயில் பட்டா வெளுத்துரும்ல?"

"வெளுத்துடும்ண்ணே."

"நல்ல பெயிண்டா வாங்கியாந்து மேல ஒருவாட்டி போட்டு விட்டுரு. என்ன ஆனாலும் சரி. அழியாம இருக்கணும்."

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடை பாதிக் கதவு திறந்திருந்தது. மஞ்சள் குழாய் ஒன்று வாங்கினேன். இந்த ஊரில் நான் வாங்கிய முதல் மஞ்சள். மண்டபத்துக்குப் போனேன். ஆள் இல்லை. கோலத்தின் முன்னால் உட்கார்ந்து மூடியைத் திருகினேன்.

"என்ன பண்ற?"

சௌந்தரக்கா. தலையில் பூ. கையில் சாவிக்கொத்து. மண்டபத்தைப் பூட்ட வந்திருக்கிறார். அதற்கும் இவர்தான்.

"அண்ணன் சொன்னாரு. வெளுக்காம இருக்க."

"தை பொறந்துருச்சு புள்ள. இனி யாரு கோலத்துல பூ வைப்பா?" பக்கத்தில் உட்கார்ந்தார். விரலை நீட்டினார். பூவைத் தொடாமல் விரலை மடக்கிக்கொண்டார். "அது பாட்டுக்குப் போகட்டும்."

குழாயை மூடினேன்.

வெளியே சந்தை இல்லாத சந்தை. பசு மட்டும்.

மண்டபத்தின் மேற்குச் சுவரில் ஒரே ஜன்னல். நாலு மணி வெயில் அதன் வழியே உள்ளே வந்து, படத்தின் வலது ஓரத்தில் ஏறி, கரும்புக் கட்டைத் தாண்டி, மெதுவாகக் கோலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. படம் கெட்டுவிடும், ஜன்னலுக்குத் திரை போட வேண்டும் என்று திறப்பு அன்றைக்குத் தலைவரிடம் நான்தான் சொன்னேன். திரையும் மாட்டியிருக்கிறார்கள், பாதி மட்டும் மூடியிருந்தது.

எழுந்து போய்த் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு வந்தேன்.